துண்டு முதல் ஸ்பான்சர்ஷிப் வரை



ஆண்டு மலர் என்றாலே விடுதிச் சாப்பாடு, கட் அடித்துவிட்டுப் பார்த்த சினிமா, கண்டிப்பான பேராசிரியர்கள் என்று நினைவுகள் வரிசை கட்டி நிற்கும். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் கொஞ்சம் சரித்திரம் பேசலாம் என்று இருக்கிறேன். எஞ்சினீயருக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு ஊரிலிருந்து அடிக்கடி வரும் ஒரு கேள்விதான் காரணம்.

"அண்ணே, தங்கச்சி நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ் முடிச்சிருக்கு. லண்டன்ல வேலையாம். அவங்களே விசா ஸ்பான்சர் பண்றாங்களாம். பணம் கட்டலாமா?"

மேலூரிலிருந்து வரும், உசிலம்பட்டியிலிருந்து வரும், சோழவந்தானிலிருந்தும் வரும். "கட்டு" என்றோ "கட்டாதே" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி நம்ம சீமைக்குப் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பு நம் பாட்டன் பூட்டன்களும் இதே மாதிரி ஒரு காகிதத்தை நம்பித்தான் கடல் தாண்டினார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே கிடைக்கும்.

கங்காணியும் துண்டும்

மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் லட்சக்கணக்கானோர் போனார்கள். அவர்களைக் கூட்டிப்போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே பக்கத்து ஆள், தெரிந்த முகம், சொந்தக்காரராகவும் இருப்பார். ஊர்க்கடனை அடைக்க, வழிச்செலவுக்கு என்று முன்பணம் கொடுப்பார். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போவது சுலபமாயிற்று. போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, நோய்நொடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகள் தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான்.

வாங்கிய முன்பணம், கப்பல் செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் தோட்டத்தில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் இவ்வளவு கடன், அதை அடைத்தால் விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். இதற்குப் பெயர்தான் 'துண்டு'. இலங்கையில் வெள்ளைக்காரர்களும் தங்கள் எழுத்துகளில் அந்தத் தமிழ்ச் சொல்லையே பயன்படுத்தினார்கள். புதுத் தோட்டம் கடனைக் கட்டும். கட்டிய பணம் மறுபடியும் தொழிலாளி தலையிலேயே விழும். இப்படி ஆள் தோட்டம் மாற மாறக் கடன் ஏறிக்கொண்டே போனது. கூலி குறைவு என்பதைவிடப் பெரிய கஷ்டம், பிடிக்காத இடத்தை விட்டுத் தன் இஷ்டத்துக்கு வெளியேற முடியாததுதான்.

இந்தத் துண்டு முறையை இலங்கை அரசாங்கம் 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தது. அடுத்த ஆண்டே, 1922-ல், இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்தது. பிறகு மலேயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை 1938-லும், இலங்கைக்கு அனுப்புவதை 1939-லும் இந்திய அரசாங்கம் நிறுத்தியது.

இந்தக் கதையில் ஆஸ்பத்திரி வேலையும் உண்டு. மலேயாத் தோட்டங்களில் மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுபவருக்கு 'டிரஸ்ஸர்' என்று பெயர். மலேசியத் தமிழர் பேச்சில் கிராணியும் டிரஸ்ஸரும் தனி மரியாதை உள்ளவர்கள். பால் மரம் வெட்டிய தொழிலாளியைவிட அவர் நிலை மேலாக இருந்ததற்குக் காரணம், தொழிலும் கொஞ்சம் படிப்பும் அவர் கைவசம் இருந்ததுதான்.

பதிவு என்கிற இன்னொரு காகிதம்

துண்டு ஒழிந்து ஐந்து வருஷத்தில் சென்னை மாகாணத்தில் வேறொரு காகிதம் பிறந்தது. 1926-ம் ஆண்டு சென்னை செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் சட்டம் அது. அதற்கு முன்பே சென்னை பொது மருத்துவமனையில் 1871-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியிருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சிங் பள்ளியை ஆரம்பித்தார். நம் மதுரையிலும் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் வான் ஆலன், டாக்டர் ஹாரியட் பார்க்கர் ஆகியோர் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். ஆனால் பயிற்சி பெற்ற பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, "இவர் செவிலியர்" என்று சட்டப்படி சொன்னது 1926-ம் ஆண்டுச் சட்டம். சுதந்திர ஆண்டான 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமும் வந்தது.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துண்டு முதலாளி கையில் இருந்தது. பதிவுச் சான்றிதழ் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. ஒரு ஆஸ்பத்திரி பிடிக்கவில்லையென்றால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

இங்கேதான் நர்சுக்கும் நர்ஸ் உதவியாளருக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. இரண்டு வருஷ ஏ.என்.எம்., மூன்று வருஷ ஜி.என்.எம்., நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர்கள் கவுன்சிலில் பதிவு செய்யலாம். சுவரொட்டி ஒட்டி ஆறு மாசம், ஒரு வருஷம் என்று நடத்தும் உதவியாளர் கோர்ஸ் முடித்தவர்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. நோயாளியைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, சோறூட்டி, ராத்திரி முழுக்க விழித்திருக்கும் அந்த வேலை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. நம் ஊரிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வளர்ந்தது. டாக்டருக்குத் துணையாக அவர்கள் பார்க்கும் வேலை இல்லாவிட்டால் அத்தனை லட்சம் ஆபரேஷன் நடந்திருக்காது. வேலை உயர்ந்ததுதான். ஆனால் பதிவு இல்லாத உதவியாளர் வெளிநாடு போகும்போது, அவரிடம் உள்ள ஒரே காகிதம் முதலாளி கொடுத்த காகிதம் என்று ஆகிவிடுகிறது.

வளைகுடாவில் கஃபீல்

1970-களில் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் ஆள் தேடின. அங்கே கஃபாலா முறை. கஃபீல் என்கிற பொறுப்பாளர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது; சில நாடுகளில் ஊர் திரும்பவும் முடியாது. துண்டின் தம்பி என்று சொன்னால் தப்பில்லை. கத்தார் 2020-லும் சவூதி 2021-லும் வேலை மாறுவதற்கான விதிகளைத் தளர்த்தின. ஆனால் வீட்டு வேலையாட்களுக்கு சவூதியின் அந்தச் சீர்திருத்தம் பொருந்தவில்லை. வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளப் போகும் நம் பெண்கள் பலர் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

நம் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு அரசு 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1983-ல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. 2014-ல் இராக்கின் திக்ரித் நகரில் சண்டைக்கு நடுவே சிக்கிய 46 நர்சுகள் மீட்கப்பட்டு ஜூலை மாதம் கொச்சி வந்து இறங்கியது ஞாபகம் இருக்கும். ஒருவர் தவிர அனைவரும் கேரளத்துக்காரர்கள். அந்த ஒருவர் நம் தூத்துக்குடிப் பக்கம். அடுத்த ஆண்டு, 2015-ல், குடியேற்றச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது.

நல்ல உத்தரவு. ஆனால் அதில் உள்ள ஓட்டையையும் பார்க்க வேண்டும். அந்தக் காவல் நர்சுகளுக்கு. பத்தாவது தேறிய ஒரு பெண் 'உதவியாளர்' என்று போனால் அவர் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை வராது. யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள். பிரிட்டன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்தான் கேட்பாரில்லாமல் போகிறார்.

அறுபது நாள்

பிரிட்டன் 2020-ல் ஹெல்த் அண்ட் கேர் விசாவைக் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் சாதாரணப் பராமரிப்புப் பணியாளர்களையும் அதில் சேர்த்தது. இந்தியாவிலிருந்தும் நைஜீரியா, ஜிம்பாப்வேயிலிருந்தும் ஆயிரக்கணக்கில் போனார்கள். லைசென்ஸ் பெற்ற நிறுவனம் 'சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்' கொடுக்க வேண்டும். பெயர்தான் சர்டிபிகேட், உண்மையில் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பதிவு, அதற்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். கையில் பிடிக்கக்கூட ஒன்றும் இல்லாத அந்த நம்பருக்கு லட்சக்கணக்கில் வாங்கிய தரகர்கள் உண்டு. போய் இறங்கினால் சொன்ன வேலை இருக்காது, சொன்ன மணி நேரமும் இருக்காது.

2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470-க்கு மேற்பட்ட ஸ்பான்சர் லைசென்ஸ்களை பிரிட்டிஷ் அரசு ரத்து செய்தது. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000-க்கும் மேல். தப்பு செய்தது கம்பெனி. ஆனால் புது ஸ்பான்சரைத் தேட 60 நாள் கெடு தொழிலாளிக்கு! 2024 மார்ச் முதல் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போகத் தடை. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆளெடுப்பதே நிறுத்தப்பட்டது. ஆகவே அந்தத் தேதிக்குப் பிறகு "யு.கே. கேர் விசா" என்று யாராவது மாட்டுத்தாவணியில் நோட்டீஸ் கொடுத்தால், வாங்கி மடித்துக் குப்பைத்தொட்டியில் போடலாம்.

அமெரிக்கா என்றாலும் கதை லேசில்லை. நர்ஸ் உதவியாளருக்கு எச்-1பி கிடையாது, அது பட்டப்படிப்பு வேலைக்கானது. கிரீன் கார்டில் அவர்கள் வரும் பிரிவுக்கு ஆண்டுக்கு 10,000-க்கு மேல் போகாத வரம்பு உண்டு, அதுவும் உலகம் பூராவுக்கும் சேர்த்து.

எச்-1பி-யில் இருக்கும் நம் எஞ்சினீயர் நண்பர்களுக்கும் வேலை போனால் அதே 60 நாள் அவகாசம்தான். ஆனால் நமக்குப் பட்டமும் அனுபவமும் நாலு தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தங்கச்சிக்கு? ஊரில் நகையை வைத்து வாங்கிய கடன் மட்டும் இருக்கும். கட்டடத்தை ஒரே தூணில் நிறுத்தாதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வேலை, வீடு, விசா மூன்றும் ஒரே முதலாளி கையில் என்றால் அது ஒற்றைத் தூண் கட்டடம்தான்.

ஜப்பான் இந்த விஷயத்தில் நல்ல பாடம். அங்கே 'பயிற்சியாளர்' முறையில் போனவர் பொதுவாக வேலை மாற முடியாது. அதனால் வந்த கெட்ட பெயர் தாங்காமல், அந்த முறைக்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவர 2024-ல் அவர்கள் பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. 'குறிப்பிட்ட திறன்' விசா வேறு மாதிரி. முதியோர் பராமரிப்புத் தேர்வும் ஜப்பானிய மொழித் தேர்வும் எழுதித் தேற வேண்டும். ஆனால் அதே துறைக்குள் வேறு முதலாளியிடம் போகலாம். இந்தியாவும் ஜப்பானும் இதற்கு 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. கஷ்டப்பட்டுப் படித்த தேர்வு மறுபடியும் நம் கைக் காகிதமாக ஆகிறது பாருங்கள்!

நாம் செய்யக்கூடியது

தங்கச்சி போகலாமா என்று கேட்டால், போகக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம்மில் பாதிப் பேர் போனவர்கள்தானே! ஆனால் சிலவற்றைக் கேட்கச் சொல்லலாம். தரகருக்கு 1983-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு எண் உண்டா? பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீது தருவாரா? பிரிட்டனில் வேலை தேடித்தரத் தொழிலாளியிடம் பணம் வாங்குவதே 1973-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதை வாங்கிப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: இந்த முதலாளி பிடிக்கவில்லையென்றால் வேறு இடத்துக்கு மாற வழி உண்டா?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் யாராவது உதவியாளர் கோர்ஸில் சேரப் போகிறார்கள் என்றால், முடிந்தால் கவுன்சில் பதிவு கிடைக்கும் படிப்பில் சேரச் சொல்லுங்கள். கூட ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். லண்டனிலும் துபாயிலும் டோக்கியோவிலும் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களின் பெயர்ப்பட்டியல் சங்கத்தில் இருக்கிறது. பிரிட்டனில் லைசென்ஸ் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. ஒரு கம்பெனி அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். சொன்ன முகவரியில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று அங்கேயே இருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிடலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் நம் ஆள் ஒருவர் பார்த்துச் சொன்னார் என்றால் ஒரு குடும்பத்தின் நிலமும் நகையும் தப்பும். பொதுக்குழுவில் இதற்கென்று இரண்டு பேரை நியமித்தால் அந்த வேலையில் ஒருவனாக இருக்க நான் தயார்.