சோழமண்டலத்தின் பெயர் சுமக்கும் ஒரு குட்டைச் செடி

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

உங்களில் தாவரவியல் படித்தவர்கள் ரெக்கார்டு நோட்டில் ஐசோயிட்டஸ் என்று ஒரு செடியை வரைந்திருப்பீர்கள். கீழே உருண்டையாக ஒரு கிழங்கு, மேலே கொத்தாக ஊசி இலைகள், இலையின் அடியில் ஒரு பை. பரீட்சை முடிந்ததும் அது மறந்தே போயிருக்கும். நம் பகுதிக்குரிய இனத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் அறிவியல் பெயர் ஐசோயிட்டஸ் கோரமண்டலினா. கோரமண்டல் வேறொன்றுமில்லை, சோழமண்டலம்தான். ஐரோப்பியர் நாவில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. உலகத் தாவரப் பட்டியலில் சோழமண்டலத்தின் பெயரோடு நிற்கும் இந்தச் செடியை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருந்தாலும் கோரை என்று நினைத்துக் கடந்திருப்போம். அதன் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் அடையாளம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஆழமில்லாத குட்டை, பாறைச் சுனை, ஏரியின் விளிம்பு, வயலோரத்துச் சேறு, இவைதான் இதன் வீடு. பார்க்கப் புல் மாதிரி, கோரை மாதிரி இருக்கும். ஆனால் பூக்காது, காய்க்காது. இலை ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் உள்ளே காற்று நிரம்பிய நான்கு குழாய்கள் தெரியும். அந்தக் காலத்தில் மையில் தொட்டு எழுதிய இறகுப் பேனாவின் தண்டைப் போல இலை இருப்பதால் ஆங்கிலேயர் இதற்கு 'இறகுத்தண்டுப் பூண்டு' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். இலையின் அகன்ற அடிப்பகுதியில் ஒரு குழி. அதற்குள் வித்துத்தூள். சில இலைகளில் மாவு போன்ற சிறு வித்துகள், சில இலைகளில் ரவை போல வெள்ளையாகக் கண்ணுக்கே தெரியும் பெரு வித்துகள். கோரையா இதுவா என்று சந்தேகம் வந்தால் ஒரே ஓர் இலையின் அடியைப் பார்த்தால் போதும், விடை தெரிந்துவிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஐரோப்பாவில் இந்த வகைச் செடியை ஏரிகளின் அடியில் பார்த்தவர்களுக்கு இதை எந்த அலமாரியில் வைப்பது என்று புரியவில்லை. டில்லேனியஸ் 1741-ல் பாசங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைச் சேர்த்தார். லின்னேயஸ் 1753-ல் தன் பெரும் நூலில் பெரணிகளோடு சேர்த்தார். ஐசோயிட்டஸ் என்ற பெயர் நின்றதும் அந்த நூலால்தான். கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'எட்டோஸ்' என்றால் ஆண்டு. ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பது என்று பொருள். வடநாட்டுக் குளிர்ந்த ஏரியின் அடியில் கோடையானாலும் பனிக்காலமானாலும் பச்சையாகவே நிற்கும் செடிக்கு அது பொருத்தமான பெயர்தான்.

அந்த லின்னேயஸிடம் படித்தவர் யோகான் கெர்ஹார்டு கோனிக். பால்டிக் கடலோரத்து லிவோனியாவில் 1728-ல் பிறந்தவர். 1760-களில் ஐஸ்லாந்துக்குப் போய்ச் செடி சேகரித்தவர், 1768-ல் நம் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்து சேர்ந்தார். பனி நாட்டிலிருந்து காவிரிப் படுகைக்கு! மருத்துவச் சம்பளம் செடி தேடும் பயணங்களுக்குப் போதவில்லை. அதனால் 1770-களில் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். நவாப் யார் தெரியுமா? 1751-ல் நம் திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கி மீண்ட அதே முகமது அலி வாலாஜாதான். பிறகு 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலை. 1785-ல் காக்கிநாடா அருகே கோனிக் காலமானார்.

சோழமண்டலக் கரையிலிருந்து கோனிக் அனுப்பிய செடிகளில் இந்தக் குட்டைச் செடியும் ஒன்று. ஆனால் குருநாதர் லின்னேயஸ் 1778-லேயே மறைந்துவிட்டார். அவர் மகன், அவர் பெயரும் கார்ல் லின்னேயஸ்தான், அப்பாவின் நூலுக்கு ஓர் இணைப்பு நூல் எழுதினார். அது 1781-ல் அச்சாகி மறு ஆண்டு வெளிவந்தது. ஐசோயிட்டஸ் கோரமண்டலினா என்ற பெயர் முதன்முதலாக அதில்தான் வருகிறது. மகனும் 1783-ல் இறந்துபோனார். நம் மண்ணின் பெயர் அதற்குள் பதிவாகிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் பாதிரியாருக்குத் தாவரங்கள் மேல் ஈடுபாடு வளர்ந்தது கோனிக்கின் தொடர்பால். நூலகத்தில் பார்த்திருப்பீர்களே, ராட்லர் தமிழ் – ஆங்கில அகராதி, அதை உருவாக்கியவர்தான் அவர். சொல் சேகரித்த கையும் செடி சேகரித்த கையும் ஒன்றே. அந்த மரபு நம் ஊரிலும் தொடர்ந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் அருட்தந்தை கே.எம். மேத்யூ ராபினாட் உலர் தாவரக் காப்பகத்தைத் தொடங்கினார். காவிரிச் சமவெளியிலும் சுற்று மலைகளிலும் அவரும் அவர் மாணவர்களும் அலைந்து சேர்த்ததுதான் 1980-களில் 'தமிழ்நாடு கர்நாட்டிக்' தாவரத் தொகுதி நூல்களாக வெளிவந்தது. மன்னார்புரத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். தாவரவியல் படிக்கும் பிள்ளைகளாவது ஒருமுறை அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, பெயருக்குத் திரும்புவோம். ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பது என்றார்கள் அல்லவா? நம் ஊர்ச் செடி அப்படி இல்லவே இல்லை. மழை பெய்து குட்டை நிறைந்தால் தழைக்கும். தண்ணீர் வடிந்தால் காற்றில் நின்று கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். வெயில் ஏறினால் இலையெல்லாம் மடிந்து மண்ணோடு மண்ணாகிவிடும். கிழங்கு மட்டும் காய்ந்த சேற்றுக்குள் உறங்கும். இலையடிப் பைகளிலிருந்து உதிர்ந்த வித்துகளும் அதே சேற்றில் காத்திருக்கும். அடுத்த மழைக்கு மீண்டும் எழும். ஏரி வற்றாத நாட்டில் வைத்த பெயர், ஏரி வற்றும் நாட்டுச் செடிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மாறாத பெயரோடு, பருவத்துக்குப் பருவம் மாறி வாழ்கிறது இது.

அடுத்து, இதன் சொந்தபந்தம். குளத்தில் ஆரைக்கீரை பார்த்திருப்பீர்கள், நாலு இதழ் போல இலை இருக்குமே, அதுவும் பூக்காத செடிதான், அது பெரணி வகை. ஐசோயிட்டஸும் பூக்காது. ஆகவே இரண்டும் அண்ணன் தம்பி என்றுதான் நெடுங்காலம் ஒரே அத்தியாயத்தில் படித்தோம், படிப்பித்தோம். டிஎன்ஏ ஆய்வுகள் வந்த பிறகு, முக்கியமாக 2001-ல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு, படம் தெளிவானது. பெரணிகள் விதைத் தாவரங்களுக்கு நெருங்கிய உறவு. ஐசோயிட்டஸின் கிளையோ சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டது. அதாவது ஆரைக்கீரைக்கு ஐசோயிட்டஸைவிட நெல்லும் வேம்பும் தாமரையும் நெருங்கிய சொந்தம்! ஒரே குட்டையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் இரண்டுக்கும் இடையே 40 கோடி ஆண்டு இடைவெளி.

அந்தத் தனிக் கிளை ஒரு காலத்தில் ராஜ வம்சம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சதுப்புக் காடுகளாக நின்ற லெபிடோடெண்ட்ரான் மரங்கள் 100 அடி வளர்ந்தவை. அந்த நாடுகளின் தொழிற்புரட்சிக்கு எரிந்த நிலக்கரியில் பெரும்பங்கு அந்த மரங்கள்தான். நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது, அது வேறு கதை. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் பார்க்கச் சுற்றுலா போயிருப்பீர்களே, அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பழைய வம்சம் இது. அந்தப் பெருமரங்களுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு இந்தச் சாண் உயரச் செடிதான். வேரின் அமைப்பில்கூட அந்தச் சாயல் இருக்கிறது. அரண்மனை இடிந்து, குடிசையில் வாழும் இளவரசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீர்த்தாவரங்களுக்குள் இதன் இடம். ஆகாயத்தாமரை மிதக்கும். அல்லி அடியில் வேரூன்றி இலையை மேலே மிதக்கவிடும். வேலம்பாசி முழுக்க மூழ்கும். கோரை கரையில் நிற்கும். ஐசோயிட்டஸ் அடித்தரையில் கொத்தாக உட்கார்ந்து, மண்ணோடு ஒட்டி வாழும். இதே பாணியில் வாழும் வேறு சில பூக்கும் செடிகளும் உண்டு. சொந்தமே இல்லாவிட்டாலும் வாழும் முறை ஒன்று என்பதால் அந்தக் கூட்டத்துக்கே சூழலியலாளர்கள் 'ஐசோயிட்டிட்' என்று இதன் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதன் சாப்பாட்டு முறைதான் வேடிக்கை. பகலில் ஆழமற்ற குட்டையில் பாசியும் செடிகளும் போட்டிபோட்டு நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் தீர்த்துவிடும். இரவில் எல்லா உயிர்களும் மூச்சுவிட, அது மீண்டும் நீரில் சேரும். கூட்டம் இல்லாத நேரத்தில் ரேஷன் வாங்குவதுபோல, ஐசோயிட்டஸ் இரவில் அதை உறிஞ்சி அமிலமாகச் சேமித்து வைத்து, பகல் வெளிச்சத்தில் உணவாக்கும். வகுப்பில் சப்பாத்திக்கள்ளிக்குச் சொல்லிக்கொடுத்தோமே, அதே முறை! பாலைவனச் செடியின் தந்திரம் தண்ணீருக்குள் இருக்கும் செடியிடமும் உண்டு என்று 1981-ல் அமெரிக்க அறிஞர் ஜான் கீலி, கலிபோர்னியாவின் பருவக்குட்டை இனம் ஒன்றை வைத்து எழுதினார். 1984-ல் அவரும் சக அறிஞர்களும் பெரு நாட்டு மலையுச்சி இனம் ஒன்று, இலைத்துளையே இல்லாமல் வேர் வழியாகவே கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதைக் காட்டினார்கள். தண்ணீரும் காற்றும் மாறி மாறி ஏமாற்றும் இடத்தில் பிழைக்கக் கற்ற குடும்பம் இது.

இவ்வளவும் நான் சொல்வது எதற்காக?

நாம் நீர்நிலை என்றால் எப்போதும் தண்ணீர் நிற்பதைத்தான் நினைக்கிறோம். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. பறவை வரும் பெரிய ஏரி எல்லோர் கண்ணிலும் படும். சில மாதம் தண்ணீர், பல மாதம் வெடிப்பு என்று கிடக்கும் சின்னப் பள்ளம் யார் கண்ணிலும் படாது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள்கூட நெல் வயல்களையும், பாசனத்துக்காகவே மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. ஐசோயிட்டஸின் வீடுகளில் சில அந்த வெளியில்தான் இருக்கின்றன.

கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட பருவக்குட்டைகளில் பெரும்பகுதியை உழுதும் கட்டியும் அழித்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். அங்கே வாழும் ஒரு சிறு இறால் வகையை 1994-ல் அழியும் நிலை உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் பிறகு குட்டையைத் தொடுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பாவில் உரமும் கழிவுநீரும் கலந்த ஏரிகளில் ஐசோயிட்டஸ் மறைந்துபோவதால், அது இருக்கிறதா என்று பார்த்தே ஏரியின் நலத்தை அளக்கிறார்கள்.

நம் பக்கம் கோடையில் பள்ளத்தைப் பார்த்து "சும்மாதானே கிடக்கிறது" என்று கிராவல் அடித்து மேடாக்கிவிடுகிறோம். பிளாட் கற்கள் நடுகிறோம். அந்தக் காய்ந்த சேற்றுக்குள் உறங்கும் கிழங்கும் வித்தும் அதோடு முடிந்தது. 40 கோடி ஆண்டு வறட்சியையும் வெள்ளத்தையும் தாண்டி வந்த குடும்பத்துக்கு நான்கு லாரி மண்ணைத் தாண்டத் தெரியாது.

உங்களில் பொதுப்பணித்துறையில், ஊராட்சியில், ரியல் எஸ்டேட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தூர்வாரும்போது நடுவில் ஆழப்படுத்துங்கள், விளிம்பின் இயல்பான சரிவைச் செங்குத்தாக வெட்டிவிடாதீர்கள். ஆழமற்ற அந்த ஓரம்தான் இதற்கும் ஆரைக்கும் கொட்டிக்கும் இடம். உங்கள் சொந்த ஊரில் மழைக்குட்டை ஒன்று மிச்சமிருந்தால், மேடாக்கும் தீர்மானம் வரும்போது எழுந்து ஒரு வார்த்தை பேசுங்கள். ஆசிரியர்களாக இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகளைக் குட்டைக்கரைக்கு அழைத்துப்போங்கள். கோரை போலத் தெரிவதையெல்லாம் கோரை என்று விட்டுவிடாமல் ஓர் இலையடியைப் பார்க்கச் சொல்லுங்கள். செடியோடு பிடுங்க வேண்டாம். பார்த்தால் போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

கோடையில் காய்ந்து கிடக்கும் பள்ளம் காலி மனை இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது, தூங்குகிறது, அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் தாவரவியல் வாத்தியார்,
மன்னார்புரம், திருச்சி.