கருவிக்கு முன் வந்த படிப்பு: குறுக்குவெட்டு உடற்கூறியலும் 1970ஆம் ஆண்டு மறுபதிப்பும்

மருத்துவப் படமெடுப்பின் வரலாற்றை எழுதியவர்களில் பெட்டியான் ஹோல்ட்ஸ்மன் கெவ்லெஸுக்குத் தனி இடம் உண்டு. 1997இல் வெளிவந்த அவருடைய ‘நேக்கட் டு த போன்’ என்ற நூல், கருவிகளை ஆக்கியவர்களையும் அவற்றின் முன் நின்ற நோயாளிகளையும் ஒரே வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. இத்துறையில் எழுதுகிற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. ஆயினும் ஓர் இடத்தில் அவரிடமிருந்து நான் விலக வேண்டியிருக்கிறது.

அவர் நூல் 1895இல் ரான்ட்ஜனின் எக்ஸ் கதிரோடு தொடங்குகிறது. டோமோகிராபி வழியாக 1970களின் சிடி ஸ்கேனருக்கும், அதன் பின் எம்ஆர்ஐக்கும் செல்கிறது. ஒரு கருவியின் போதாமையிலிருந்து அடுத்த கருவி பிறக்கிறது. இந்த வரிசையில் படித்துக்கொண்டு போனால், உடலைக் குறுக்கே அறுத்த தோற்றத்தில் காணும் பழக்கம் சிடி ஸ்கேனரால்தான் வந்தது என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தங்கிவிடும். கெவ்லெஸ் இதை ஒரு கோட்பாடாக நிறுவ முயன்றார் என்று நான் சொல்லவில்லை. கதையை எங்கே தொடங்குவது என்ற தேர்வே அந்த வாதத்தைச் செய்து முடித்துவிடுகிறது என்கிறேன். தொடக்கம் மாறினால் காரணகாரியமும் மாறும்.

இந்த வரிசையில் தொழில்நுட்ப அளவிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. டோமோகிராபி முறையில் பொக்காஜ் 1921இல் காப்புரிமை கோரியதும், வல்லபோனாவும் சீட்ஸெஸ் டெஸ் பிளான்டெஸும் 1930களின் தொடக்கத்தில் செய்து காட்டியதும் பெரும்பாலும் உடலின் நெடுக்குத் தளத்தைக் காட்டிய படங்கள். எக்ஸ் கதிர்க் குழாயும் படச்சுருளும் எதிரெதிராக நகர, ஒரு தளம் மட்டும் தெளிவாகவும் மற்றவை கலங்கியும் விழும். மார்புப் படம் பார்க்கத் தெரிந்தவருக்கு அதைப் படிக்கப் புதிய உடற்கூறியல் வேண்டியதில்லை. மேலே கழுத்து, கீழே வயிறு என்ற பழைய ஒழுங்கு அதில் மாறாமல் இருந்தது. உண்மையான குறுக்குத் தளம் வேறு வகை. இங்கிலாந்தில் வாட்சனும் ஜப்பானில் தகாஹாஷி ஷின்ஜியும் அதை முயன்றபோதுதான், எந்த முதுகெலும்பு மட்டத்தில் எது எதன் பக்கத்தில் கிடக்கிறது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை எக்ஸ் கதிர் நூல்களில் இல்லை. உறைந்த உடல்களை ரம்பத்தால் அறுத்தவர்களின் நூல்களில் இருந்தது.

டச்சு நாட்டவரான பீட்டர் டி ரீமர் 1818இலேயே உறைந்த உடல் வெட்டுகளைப் படமாக வெளியிட்டார். ஆனால் முறையை முழுமையாக்கியவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறுவை மருத்துவர் நிக்கொலாய் பிரோகோவ். சந்தையில் உறைந்த பன்றி உடல்களை அறுப்பதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்ற கதை எல்லா நூல்களிலும் வருகிறது. அந்தக் கதை எனக்கு முக்கியமில்லை. அவருக்கிருந்த தேவைதான் முக்கியம். சாதாரண அறுப்பில் மார்பைத் திறந்ததும் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குகிறது, இதயம் நகர்கிறது, குடல் சரிகிறது. கத்தி எங்கே போகும் என்று முன்கூட்டியே அறிய வேண்டிய அறுவை மருத்துவருக்கு, திறந்தபின் தெரிகிற இடம் பயன்படாது. உறைய வைத்து அறுத்தால் உறுப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். வெட்டுப்பரப்பின் மேல் கட்டங்கள் வரைந்த கண்ணாடியை வைத்து, அதே அளவுக் கட்டமிட்ட தாளில் இயல்பளவாகவே படியெடுத்தார். இதைப் பிக்சலின் முன்னோடி என்று சிலர் உற்சாகத்தில் சொல்லக்கூடும், அது மிகை. அளவு பிசகாமலிருக்க ஓவியர்கள் நெடுங்காலம் கையாண்ட வழிதான் அது. என்னை வியக்க வைப்பது வேறொன்று. சில உடல்களில் இரைப்பையையும் சிறுநீர்ப்பையையும் நிரப்பிய பின்னும், சில கைகால்களை மடக்கி வைத்த பின்னும் உறைய வைத்து அறுத்தார். நிலை மாறினால் உறவு மாறும் என்பதை வெட்டிலேயே காட்ட முயன்றிருக்கிறார்.

இந்த வெட்டுகளைப் பிரோகோவ் வெளியிட்ட படத்தொகுப்பின் ஆண்டில் சிக்கல் உண்டு. சில ரஷ்யக் குறிப்புகள் 1851–1854 என்கின்றன. நூலகப் பட்டியல்கள் பெரும்பாலும் 1852–1859 என்கின்றன. படங்கள் பகுதி பகுதியாக வந்ததாலும், இடையில் பிரோகோவ் கிரிமியப் போருக்குச் சென்றதாலும் இரண்டாவதே பொருந்துவதாக எண்ணுகிறேன். ஆனால் தொடக்க ஆண்டை 1851 என்று கொள்பவரை மறுக்க இதுமட்டும் போதாது.

அவருக்குப் பின் பாரிஸில் லெ ஜாந்தர் (1858), லைப்சிக்கில் வில்ஹெல்ம் பிரௌனே (1867–1872) என்று வரிசை நீள்கிறது. பிரௌனேயின் வண்ணப்படங்கள் 1877இல் ஆங்கிலத்துக்கு வந்தன. இவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1893இல் பிளும் பார்மலினின் பதப்படுத்தும் ஆற்றலைக் கண்டறிந்தபின், பனிக்காலத்துக்குக் காத்திராமலே உடல்களைக் கெட்டிப்படுத்த முடிந்தது. 1911இல் அமெரிக்காவில் ஐக்ளெஷைமரும் ஷூமேக்கரும் வெளியிட்ட ‘எ கிராஸ் செக்‌ஷன் அனாடமி’ தலை முதல் கால் வரை வரிசையாக வெட்டுகளைத் தந்தது.

என் வாதத்தின் அச்சு இந்த நூல்தான். அதன் முதற்பதிப்பு அல்ல, மறுபதிப்பு. நியூயார்க்கில் ஆப்பிள்டன் செஞ்சுரி கிராஃப்ட்ஸ் நிறுவனம் அதை மீண்டும் அச்சிட்ட ஆண்டு 1970. ஆய்வாளர்கள் மேற்கோள் பட்டியலில் இந்த ஆண்டை எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சிடி ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1ஆம் நாள், லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில். செய்தி வெளியுலகுக்கு வந்தது 1972 ஏப்ரலில். அந்தக் கருவியும் தலையை மட்டுமே பார்த்தது; அதன் படம் 80க்கு 80 புள்ளிகள் கொண்டது. முழு உடலையும் பார்க்கும் ஸ்கேனரை ஜார்ஜ்டவுனில் லெட்லி 1974இல்தான் இயக்கினார். அப்படியானால் 1970இல், ஐம்பத்தொன்பது ஆண்டுப் பழைய உடல் வெட்டு நூலை மீண்டும் அச்சிட்டு விற்க ஒரு பதிப்பாளர் ஏன் துணிந்தார்? சிடியை எதிர்பார்த்து என்று சொல்ல இடமே இல்லை.

என் விடை ஊகம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வெறும் ஊகமன்று. அந்நாளில் கதிர்வீச்சு சிகிச்சை தருவோர் ஈயக் கம்பியை நோயாளியின் உடலைச் சுற்றி வளைத்து, அந்த வடிவத்தைத் தாளில் படியெடுப்பார்கள். அந்த வளையத்துக்குள் கட்டி, தண்டுவடம், சிறுநீரகம் எங்கே இருக்கின்றன என்று வரைந்தாக வேண்டும். எக்ஸ் கதிர்ப் படத்தோடு குறுக்குவெட்டு அட்லஸும் அதற்கு வேண்டியிருந்தது. அப்படி வரைந்த படத்தின் மேல் கதிர் அளவுக் கோடுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். பிழை நேர்ந்தால் தண்டுவடம் பழுதாகும். ஆகவே அந்த அட்லஸ் அவர்களுக்கு நாள்தோறும் கையில் இருக்க வேண்டிய கருவி. இன்னொரு பக்கம் டென்வரில் ஹௌரி 1950களிலேயே நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் அமர்த்தி, அல்ட்ராசவுண்டால் குறுக்குவெட்டுப் படங்களை எடுத்துவிட்டார். கிளாஸ்கோவில் இயன் டொனால்டின் புகழ்பெற்ற அல்ட்ராசவுண்ட் கட்டுரை 1958இல் வந்தது. பாரிஸில் ருவா காமீய் 1959இல் வெளியிட்ட உடற்பகுதிக் கிடைவெட்டு நூல், அறுவை மருத்துவர்களுக்கும் கதிரியலாளர்களுக்கும் உரியது என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. தகாஹாஷியின் குறுக்குத்தள டோமோகிராபி அட்லஸ் 1969இல் ஆங்கிலத்தில் வந்தது. 1959, 1969, 1970 மூன்றுமே ஸ்கேனருக்கு முந்தியவை. குறுக்குவெட்டைப் படிக்க விரும்பிய ஒரு வாசகர் கூட்டம், ஸ்கேனர் வருவதற்கு முன்பே மருத்துவமனைகளில் இருந்தது. சிடி அந்தக் கூட்டத்தைப் பல மடங்கு பெருக்கியது. ஆனால் அதைத் தோற்றுவிக்கவில்லை.

கெவ்லெஸின் பக்கம் உள்ள நியாயத்தையும் மறைக்கக் கூடாது. லெட்லியும் அவருடன் பணியாற்றியோரும் 1977இல் சிடிக்கென்றே வெளியிட்ட அட்லஸும், அடுத்தடுத்து வந்தவையும் பழைய நூல்களால் ஈடுசெய்ய முடியாதவை. இறந்த உடலில் உதரவிதானம் மேலேறி நிற்கும்; உயிருள்ளவர் மூச்சை இழுத்துப் பிடித்துப் படுத்திருக்கும்போது கல்லீரலும் சிறுநீரகமும் கீழே இறங்கும். பிரௌனேயின் படத்தை வைத்துக்கொண்டு நேராக ஸ்கேனைப் படித்தவர் ஒரு முதுகெலும்பு அளவுக்கே தவறியிருக்கலாம். வலம் இடம் பற்றிய குழப்பமும் உண்டு. காலடியிலிருந்து பார்ப்பதாகக் கொள்வது கதிரியல் மரபு; தலைக்கு மேலிருந்து பார்ப்பதாகக் கொள்ளும் நரம்பியல் மரபு மூளை ஆய்வு மென்பொருள்களில் இன்றும் இருக்கிறது. ஒரே வெட்டை இருவர் எதிரெதிராகப் படிக்கும் இந்த இடர் கருவி வந்தபின்தான் கூர்மையானது. ஆக, கருவி படிப்பைத் திருத்தியது, பரப்பியது. ஆனால் கருவி வந்து சேர்ந்தபோது திருத்துவதற்கு ஒரு படிப்பு ஏற்கெனவே இருந்தது.

உறைந்த உடலை வெட்டிக் கற்கும் மரபு அறுபடவுமில்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்துக்காகக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1990களில் செய்த விசிபிள் ஹியூமன் திட்டத்தில், சிடியும் எம்ஆர்ஐயும் எடுத்து முடித்த உடலையே மீண்டும் உறைய வைத்தார்கள். ரம்பத்தால் அறுப்பதற்குப் பதிலாக மேற்பரப்பைச் சீவிச் சீவிப் படமெடுத்தார்கள். ஆண் உடலில் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 படங்கள், பெண் உடலில் 0.33 மில்லிமீட்டர் இடைவெளியில் 5,000க்கும் மேல். ஸ்கேன் காட்டியது சரிதானா என்று ஒப்பிட்டுக் கற்க, உறைந்த உடலே மறுபடி தேவைப்பட்டது.

1970 மறுபதிப்பை வாங்கியவர்கள் யார் என்பதற்கு நேரடிச் சான்று தேவை. அது நூலகங்களில்தான் கிடைக்கும். ஐக்ளெஷைமர்–ஷூமேக்கர் நூலின் பிரதி ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருந்தால், பழைய பதிப்பு என்று கழித்துவிடாமல், அதில் உள்ள துறை முத்திரை, சேர்க்கை நாள், ஓரங்களில் பென்சிலால் இட்ட குறிப்புகள் ஆகியவற்றைப் பதிவு செய்யுமாறு நூலகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1972க்கு முந்திய நாளோடு கதிர்வீச்சு சிகிச்சைத் துறையின் முத்திரை சில பிரதிகளில் கிடைத்தால் என் வாதம் உறுதிப்படும். உடற்கூறியல் துறையின் முத்திரையே எங்கும் இருந்தால் நான் அதைக் கைவிட வேண்டியிருக்கும்.