கம்பவுண்டர் சம்பளமும் நம்மூர் விலைவாசியும்



மலர்க் குழுவினர் என்னிடம், "அண்ணாச்சி, நீங்க வரலாறு படிச்சவரு, ஒரு கட்டுரை குடுங்க" என்று கேட்டபோது, பாளையக்காரர்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சென்ற சந்திப்பின்போது, பந்தியில் பக்கத்து இலையில் இருந்த என் வகுப்புத் தோழன் சொன்ன ஒரு செய்தி மனத்தை விட்டு அகலவில்லை.

அவனுடைய பேத்தி நான்கு ஆண்டுகள் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டெண்ட் படித்து முடித்தவள். "மெட்ராஸ்ல இருபத்திரெண்டாயிரம் தர்றேங்கான். நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியில பதினஞ்சுதானாம். ஏன்னு கேட்டா, 'உங்க ஊர்ல செலவு கம்மிதானே'ங்காங்க. நீயே சொல்லுடா, இங்க எது கம்மி?" என்றான். அன்று ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரைதான் என் பதில்.

"ஊர்ல செலவு கம்மிதானே" என்ற அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. என் தகப்பனார் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். மிக்சர் பாட்டிலில் வேளைக் கணக்குக்காகக் காகிதப் பட்டையை வெட்டி ஒட்டுவார். தீப்பெட்டி ஆபீசில் கை வெந்து வருகிறவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார். டாக்டர் வெளியூர் போன நாட்களில் ஜனங்களுக்கு அவர்தான் டாக்டர். 1968-இல் அவருக்கு மாதச் சம்பளம் 85 ரூபாய். கூட்டிக் கேட்டதற்கு, "மதுரையில இருந்தா நூத்திருபது குடுப்பாங்கதான். இங்க செலவு கம்மிதானேய்யா" என்று பதில் வந்ததாம். அங்கே வாய் திறக்காதவர், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "மதுரைக்குத் துவரம்பருப்பு விலையே இங்க இருந்துதான் போகுது. இவரு இங்க செலவு கம்மிங்காரு!"

டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் என்பது பழைய கதை. வெள்ளைக்காரன் காலத்தில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் குறைவு, எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்பு படித்தவர்களே அதிகம். 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கையின்படி, நாட்டிலிருந்த சுமார் 47,500 டாக்டர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இந்த வகையினர். இனி ஒரே தரமான டாக்டர்தான் வேண்டும் என்று அக்குழு சொன்னது, எல்.எம்.பி. படிப்பும் மறைந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சின்ன ஊர்களில் அந்த இடத்தை நிரப்பியவர்கள் கம்பவுண்டர்களே. வேலை கூடியது, பட்டமும் இல்லை, சம்பள விகிதமும் இல்லை.

அமெரிக்காவில் 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பவர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நால்வரைக் கொண்டு 'பிசிஷியன் அசிஸ்டெண்ட்' படிப்பைத் தொடங்கினார். நம் நாட்டில் 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன் அதை ஆரம்பித்து வைத்தார். 2021-இல் மத்திய அரசு இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்திலும் இந்தத் தொழில் இடம்பெற்றது. பட்டம் வந்தது, சட்டம் வந்தது. சம்பளம் பேசும்போது மட்டும் 1968-இன் வார்த்தை அப்படியே நிற்கிறது.

சரி, ஒருவனுக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம்? அதற்கும் வரலாறு உண்டு. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்ட், ஒரு மனிதனுக்கு என்ன உணவு தேவை என்று கணக்கிட்டவர். அதை வைத்து 1957-இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரம் வகுத்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். 1991-இல் ரெப்டகாஸ் பிரெட் கம்பெனியின் சென்னைத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை ஆகியவற்றுக்கென 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. 2016-இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழு இந்த வழியில்தான் கணக்கிட்டு, மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்றது. நான்கு வருஷம் படித்த பெண்ணுக்கு அதற்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து 15,000!

இனி 'செலவு கம்மி' என்ற வாதத்தைப் பார்ப்போம். அந்த 18,000 சென்னைக்கும் ஒன்றுதான், விருதுநகருக்கும் ஒன்றுதான். அகவிலைப்படியும் ஒன்றே. வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும்தான் ஊரைப் பொறுத்து மாறும். 2024-இல் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது வாடகைப்படி சென்னைக்கு 30 சதவீதம், நம்மைப் போன்ற ஊர்களுக்கு 10 சதவீதம் என்றானது. கணக்குப் போடுங்கள். அடிப்படை 18,000, அகவிலைப்படி 9,000. வாடகைப்படி சென்னையில் 5,400, இங்கே 1,800. ஆக அங்கே 32,400, இங்கே 28,800. வித்தியாசம் நூற்றுக்குச் சுமார் 11. தோழனின் பேத்திக்கோ 22,000-க்கு 7,000 குறைகிறது. அதாவது நூற்றுக்குச் சுமார் 32!

வாடகை இங்கே குறைவு என்பதை யாரும் மறுக்கவில்லை. பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாம் விலை பேசப்படும் சந்தையே விருதுநகர்; செய்தித்தாள்கள் அதன் விலை நிலவரத்தைத் தனியாகப் போடுகின்றன. அந்தச் சந்தை நமக்கென்று பாதி விலைக்குக் கொடுப்பதில்லை. பெட்ரோலும் கேஸ் சிலிண்டரும் செல்போன் கட்டணமும் ஊர் பார்த்துக் குறைவதில்லை. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் பழகிய மண் நம்முடையது.

இன்னொரு வாதமும் உண்டு. "சென்னையில் ஹாஸ்டலுக்கே அந்த ஏழாயிரம் போயிருமே, கையில் மிஞ்சுறது ஒண்ணுதானே?" நியாயமான கேள்விதான். ஆனால் ஹாஸ்டல் செலவு இல்லாமல் போவது எதனால்? அவள் அப்பா கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இருப்பதால். அப்படியானால் அந்த ஏழாயிரத்தை மிச்சம் பிடிப்பது அவளல்ல, ஆஸ்பத்திரி. வீட்டைக் கட்டியவர் வட்டி கட்டுகிறார். வாடகையை வேறொருவர் கழித்துக்கொள்கிறார்.

இதை ஒரு குடும்பத்தின் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். நம் பக்கத்துக்கு எப்போது யார் தேவைப்படுவார்கள் என்று நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை. தீக்காயத்தோடு வருகிறவருக்கு உடல் எடையையும் வெந்த பரப்பையும் கணக்கிட்டு, முதல் எட்டு மணி நேரத்தில் இவ்வளவு திரவம் என்று ஏற்றியாக வேண்டும். டாக்டர் ஒரு கட்டிலில் குனிந்திருக்கும்போது அடுத்த கட்டிலில் அதைக் கவனிக்கப் பழகிய கை வேண்டும். 2022-இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, பெருமைதான். ஆனாலும் சிவகாசி, சாத்தூர் தெருக்களில் முதலில் தட்டும் கதவு பக்கத்து ஆஸ்பத்திரிக் கதவே. அந்தக் கையைத்தான் ஏழாயிரம் ரூபாய்க்காகச் சென்னை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோம்.

நம் முன்னாள் மாணவர்களில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் உண்டு; அறக்கட்டளைகளில் இருக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை குறைவு என்றால் வாடகையை மட்டும் குறையுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். மாணவச் செல்வங்களே, வேலைக்குப் போகிற இடத்தில் மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். "செலவு கம்மிதானே" என்றால், "எது கம்மி, சொல்லுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். என் தகப்பனார் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை நீங்கள் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

தோழனின் பேத்தி சென்னைக்குப் போய்விட்டாள். அடுத்த சந்திப்புக்குள் அவளைத் திரும்ப அழைக்கும்படி நம்மவர் ஒருவர் நல்ல சம்பளத்தோடு கூப்பிட்டார் என்ற செய்தி கேட்டால், பந்தியில் அவனுக்கு நானே இலை போடுவேன்.