பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளி மூடல் (1959–1964)

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியில், புகையிலை விளையும் நாட்டுப்புறத்தில் அமைந்த ஓர் உள்ளாட்சிப் பகுதி. ஃபார்ம்வில் அதன் தலைமை ஊர். 1959 முதல் 1964 வரை ஐந்து கல்வியாண்டுகள் இக்கவுண்டியில் ஓர் அரசுப் பள்ளிகூட இயங்கவில்லை. போரோ வெள்ளமோ கொள்ளைநோயோ இதற்குக் காரணம் அல்ல. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டதால், பள்ளிகளுக்கான வரியை விதிப்பதில்லை என்று உள்ளூர் அவை ஒன்று கூடி முடிவெடுத்தது. அந்த முடிவால் ஏறத்தாழ 1,700 கறுப்பினக் குழந்தைகள் முறையான கல்வியை இழந்தனர்.

பள்ளி வாரியமும் மேற்பார்வையாளர் அவையும்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி வாரியங்களிடம் உள்ளது. ஆசிரியர் நியமனம், கட்டடம், பேருந்து, பாடவேளை ஆகியவற்றை இவ்வாரியங்களே தம் கூட்டங்களில் முடிவு செய்கின்றன. வர்ஜீனியாவில் அந்நாளில் வாரிய உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படவில்லை, நியமிக்கப்பட்டனர். வாரியத் தேர்தலுக்கு அம்மாநிலம் 1992இல்தான் வழிவிட்டது.

மற்றொரு செய்தியும் இங்கே முக்கியமானது. வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. தனக்கு வேண்டிய தொகையை அது கவுண்டியின் மேற்பார்வையாளர் அவையிடம் கேட்க வேண்டும். வரி விதித்துப் பணம் ஒதுக்குவது அந்த அவையின் வேலை. பள்ளிகளை மூடும் ஆணை எதுவும் பிறப்பிக்காமலேயே பள்ளிகளை மூட முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

மோட்டன் உயர்நிலைப்பள்ளி

கறுப்பின மாணவர்களுக்கென ஃபார்ம்வில்லில் 1939இல் ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப்பள்ளி கட்டப்பட்டது. 180 மாணவர்களுக்கென அமைந்த அக்கட்டடத்தில் 1950ஆம் ஆண்டளவில் 450 பேர் படித்தனர். உடற்பயிற்சிக் கூடமும் உணவுக்கூடமும் இல்லை. அதே ஊரில் வெள்ளையின மாணவர்களின் உயர்நிலைப்பள்ளியில் இவை இருந்தன. "தனித்தனியாக, ஆனால் சமமாக" என்பதுதான் அன்றைய சட்டம். தனி என்பது மட்டும் நடைமுறையில் இருந்தது.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் பள்ளி வாரியக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்று புதிய கட்டடம் கேட்டனர். 1948இல் வாரியம் கொடுத்தது தற்காலிகக் கொட்டகைகள். மரச்சட்டங்களின்மேல் தார்த்தாள் போர்த்திய அவற்றில் மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் கணப்படுப்புக்கு அருகில் இருப்பவர் வியர்ப்பர், தள்ளி இருப்பவர் மேலங்கியோடு நடுங்குவர். பெற்றோர் மீண்டும் மீண்டும் வந்து கேட்டபோது, இனிக் கூட்டத்துக்கு வர வேண்டியதில்லை, செய்தி இருந்தால் தெரிவிக்கிறோம் என்று வாரியம் சொல்லி அனுப்பியது.

மாணவர் வேலைநிறுத்தம்

பெற்றோர் பொறுத்திருந்தனர், பிள்ளைகள் பொறுக்கவில்லை. 1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் தலைமையில் சிலர் ஒரு திட்டத்தை நிறைவேற்றினர். மாணவர்கள் ஊருக்குள் சிக்கலில் மாட்டிக்கொண்டதாகத் தொலைபேசியில் சொல்லித் தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸைப் பள்ளியிலிருந்து வெளியேற வைத்தனர். பின்னர் எல்லா வகுப்புகளையும் கூட்ட அரங்குக்கு அழைத்தனர். மேடையில் பார்பரா பேசினார். 450 மாணவர்களும் பள்ளியைவிட்டு வெளிநடப்புச் செய்தனர். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

மாணவர்கள் ரிச்மண்டில் இருந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகியோருக்கு எழுதினர். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் சார்பில் வழக்காடியவர்கள் இவர்கள். நல்ல கட்டடம் மட்டும் கேட்டால் வழக்கை ஏற்க மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதானால் ஏற்போம் என்று இருவரும் நிபந்தனை வைத்தனர். ஊர்ப் போதகர் ஃபிரான்சிஸ் கிரிஃபினின் தேவாலயத்தில் கூட்டம் கூடி இது விவாதிக்கப்பட்டது. மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்கு பதிவானது. பட்டியலில் முதல் பெயர் டோரத்தி டேவிஸ் என்பதால் அது "டேவிஸ் எதிர் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளி வாரியம்" எனப்பட்டது.

தலைமையாசிரியருக்குப் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. பார்பராவின் பாதுகாப்பு கருதிப் பெற்றோர் அவரை அலபாமாவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினர். ஆண்டுக்கணக்கில் கேட்டும் கிடைக்காத புதிய மோட்டன் பள்ளிக் கட்டடம் 1953இல் திறக்கப்பட்டது. அதற்குள் கேள்வி கட்டடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

தீர்ப்பும் எதிர்ப்பும்

இவ்வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. அவற்றுள் மாணவர் போராட்டத்திலிருந்து பிறந்தது இது ஒன்றே. 1954 மே 17 அன்று, "பிரவுன் எதிர் கல்வி வாரியம்" என்று அறியப்படும் தீர்ப்பில், அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை அரசியலமைப்புக்கு எதிரானது என்று நீதிமன்றம் ஒருமனதாக அறிவித்தது. 1955இல் வந்த இரண்டாம் தீர்ப்பு, இதை நிறைவேற்ற நாள் குறிக்காமல், நிதானத்தோடு கூடிய வேகத்தில் செய்யும்படி சொன்னது. தென்மாநிலங்கள் நிதானத்தைப் பிடித்துக்கொண்டன, வேகத்தை விட்டுவிட்டன.

வர்ஜீனியாவின் செல்வாக்கு மிக்க செனட்டர் ஹாரி பேர்ட் "பெரும் எதிர்ப்பு" என்ற கொள்கையை முன்வைத்தார். பிரின்ஸ் எட்வர்டில் மேற்பார்வையாளர் அவை பள்ளிகளுக்கு ஆண்டு முழுமைக்கும் பணம் ஒதுக்குவதை விட்டு, மாதாமாதம் ஒதுக்கத் தொடங்கியது. எந்த மாதமும் நிறுத்திவிடலாம் என்பது அதன் பொருள். இரு இனக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளை நடத்துவதில்லை என்று 1956இல் அவை தீர்மானமும் நிறைவேற்றியது.

வரி இல்லை, பள்ளி இல்லை

1959 மே மாதம் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், வரும் செப்டம்பரிலேயே பிரிவினையை நீக்கத் தொடங்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஜூன் மாதம் மேற்பார்வையாளர் அவை 1959–60 கல்வியாண்டுக்குப் பள்ளி வரி விதிப்பதில்லை என்று முடிவு செய்தது. நிறம் பாராமல் எல்லாக் குழந்தைகளையும் எல்லாப் பள்ளிகளிலும் சேர்க்கச் சொல்லும் நீதிமன்ற ஆணை வந்திருப்பதையே காரணமாகச் சொன்னது. செப்டம்பரில் கவுண்டியின் அரசுப் பள்ளிகள் எதுவும் திறக்கவில்லை.

வெள்ளையினக் குழந்தைகளுக்கு மாற்று ஏற்பாடு தயாராக இருந்தது. இதற்கென அமைந்த அறக்கட்டளை தேவாலயங்களிலும் பிற கட்டடங்களிலும் தனியார் பள்ளிகளைத் தொடங்கியது. முதல் ஆண்டு நன்கொடையில் நடந்தது. 1960–61இல் மாநில மானியமும் கவுண்டியின் 100 டாலர் மானியமும் சேர்ந்து, தொடக்கப்பள்ளி மாணவருக்கு 225 டாலரும் உயர்நிலை மாணவருக்கு 250 டாலரும் கிடைத்தன. அப்பள்ளிகளுக்கு நன்கொடை கொடுப்போருக்குச் சொத்து வரியில் 25 விழுக்காடு வரை கழிவும் தரப்பட்டது. அரசுப் பள்ளிக்கு இல்லாத பணம் தனியார் பள்ளிக்கு இருந்தது. அரசுப் பள்ளிகள் மூடிக் கிடக்கும்வரை கவுண்டி இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று 1961இல் நீதிமன்றம் தடுத்தது. பூட்டிய பள்ளிக் கட்டடங்களைத் தனியாருக்கு விற்கும் பேச்சு எழுந்தபோது, பள்ளி வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் 1960இல் பதவி விலகினர்.

பள்ளி இல்லாத ஆண்டுகள்

கறுப்பினத்தாருக்கும் தனியாகத் தனியார் பள்ளி அமைத்துத் தருவதாக வெள்ளையர் சிலர் முன்வந்தனர். அதை ஏற்றால் பிரிவினையை ஏற்றதாகிவிடும், வழக்கும் வலுவிழக்கும் என்று கறுப்பினத்தார் மறுத்தனர். இந்த மறுப்பின் விலையை அவர்களுடைய பிள்ளைகளே கொடுக்க வேண்டியிருந்தது.

வசதியும் உறவும் உள்ளவர்கள் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பினர். மோட்டன் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் சிலரை வடகரோலினாவின் கிட்ரல் கல்லூரி ஏற்றது. குவேக்கர் சமயத்தாரின் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு சில மாணவர்களை வேறு மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. தேவாலய அறைகளில் பயிற்சி மையங்கள் நடந்தன. அவை பள்ளிக்கு ஈடாகவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தனர். வளர்ந்தவர்கள் வயல் வேலைக்குப் போயினர். ஏழு வயதில் எழுத்துக் கற்க வேண்டிய குழந்தை பன்னிரண்டு வயதுவரை காத்திருந்தது. கறுப்பின ஆசிரியர்களும் வேலை இழந்து வெளியேறினர்.

1963 செப்டம்பரில், கென்னடி அரசின் முயற்சியாலும் தனியார் நன்கொடையாலும் "இலவசப் பள்ளிகள்" திறக்கப்பட்டன. வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் கோல்கேட் டார்டன் அறங்காவலர் குழுத் தலைவராகவும், நீல் சல்லிவன் கண்காணிப்பாளராகவும் இருந்தனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் வந்தனர். வயதுக்கும் படிப்புக்கும் தொடர்பு அற்றுப்போயிருந்ததால், வகுப்பு பிரிக்காமல் அவரவர் அறிந்த நிலையிலிருந்து கற்பித்தனர்.

1964: கிரிஃபின் வழக்கு

டேவிஸ் வழக்கின் தொடர்ச்சி போதகர் கிரிஃபினின் பிள்ளைகள் பெயரில் உச்ச நீதிமன்றம் சென்றது. 1964 மே 25 அன்று நீதிபதி ஹியூகோ பிளாக் தீர்ப்பை எழுதினார். மாநிலத்தின் பிற பகுதிகளில் அரசுப் பள்ளிகள் நடக்கும்போது இந்தக் கவுண்டியில் மட்டும் மூடுவது கறுப்பினக் குழந்தைகளின் சம உரிமையைப் பறிக்கிறது என்றும், நிதானம் காட்டும் காலம் முடிந்துவிட்டது என்றும் அத்தீர்ப்பு கூறியது. தேவைப்பட்டால் மேற்பார்வையாளர்களை வரி விதிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் அறிவித்தது. பிரவுன் தீர்ப்பு பள்ளி எப்படி இருக்கக் கூடாது என்று சொன்னது. அதற்குத் தப்பப் பள்ளியையே இல்லாமல் செய்ய முடியாது என்பதைச் சொல்ல இன்னொரு பத்தாண்டு தேவைப்பட்டது.

அவை அப்போதும் எளிதில் பணியவில்லை. அரசுப் பள்ளிகளுக்கு 1,89,000 டாலரும், தனியார் பள்ளி மாணவர்களுக்கான மானியத்துக்கு 3,75,000 டாலரும் ஒதுக்கியது. மானியம் பற்றிய மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 1964 ஆகஸ்ட் 4 இரவில் உறுப்பினர்கள் கூடினர். பெற்றோரை அழைத்து, விடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 டாலருக்குக் காசோலை கொடுத்து முடித்தனர். இது நீதிமன்ற அவமதிப்பு என்று 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964 செப்டம்பரில் திறந்த அரசுப் பள்ளிகளில் வெள்ளையின மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே சேர்ந்தனர்.

பின்னாளில்

வெள்ளையினத் தனியார் பள்ளி 1980களில்தான் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. பழைய மோட்டன் பள்ளிக் கட்டடம் 1998இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் அருங்காட்சியகம் ஆனது. 2003இல், படிப்பு தடைப்பட்டவர்களுக்குக் கவுண்டி மதிப்புச் சான்றிதழ்கள் வழங்கியது. பலர் அப்போது அறுபது வயதை நெருங்கியிருந்தனர். இழந்த கல்வியைத் தொடர விரும்புவோருக்கு 2004இல் மாநில அரசு கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. 2008இல் மேற்பார்வையாளர் அவையே பள்ளி மூடலுக்கு வருத்தம் தெரிவித்து, நீதிமன்றக் கட்டடத்தின் மணிக்கூண்டில் நல்லிணக்க விளக்கு ஒன்றை ஏற்றியது. 1959இல் வரியை மறுத்ததும் அதே அவைதான்.

பார்பரா ஜான்ஸ் பின்னாளில் நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற படைத்தலைவர் ராபர்ட் லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது இந்தப் பள்ளி மாணவியின் சிலையை.