ஊமைப்படக் காலத்துப் பம்பாயில் ஒரு புதுக்கோட்டைத் தமிழர்

பம்பாய்க்குப் பிழைப்பு நாடி வந்த தமிழரைப் பற்றிப் பேசும்போது, தாராவியில் தோல் பதனிடும் பட்டறை வைத்தவர்களையும், மாட்டுங்காவில் மெஸ் நடத்தியவர்களையும், டைப்ரைட்டிங் தேறி குமாஸ்தா உத்தியோகத்திற்கு ரயிலேறியவர்களையும் நினைவுகூர்கிறோம். பின்னாளில் டிராம்பேயின் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு வந்து நம் அணுசக்தி நகரில் குடியேறியவர்களையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் தேகபலம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு புதுக்கோட்டையிலிருந்து இந்நகருக்கு வந்து, நாடறிந்த நட்சத்திரமாக விளங்கிய ஒருவரை நாம் நினைப்பதே இல்லை. ராஜா சாண்டோ என்பது அவருக்கு நிலைத்த பெயர். பெற்றோர் இட்ட பெயர் நாகலிங்கம். பிறந்த ஆண்டு 1894.

சாண்டோ என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. பிரஷ்ய நாட்டில் பிறந்து, தசைவலிமையைக் காட்டி உலகெங்கும் பெயர் பெற்ற யூஜின் சாண்டோ என்னும் பலசாலி, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து போனார். அதன்பின் கட்டுமஸ்தான உடல் படைத்தவர்களைச் சாண்டோ என்று அழைப்பது நம்மவர்க்கு வழக்கமாயிற்று. சாண்டோ சின்னப்பா தேவரை அறியாத தமிழர் இலர். கையில்லாத பனியனுக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. நாகலிங்கமும் தேகப்பயிற்சியில் தேர்ந்தவராதலின் அப்பட்டத்திற்கு உரியவரானார். எஸ். என். பாடண்கர் என்பாரின் படங்களில் தாவிக் குதிக்கும் வேடங்களில் தோன்றத் தொடங்கி, 1922-இல் வெளிவந்த ‘பக்த போதானா’ படத்தால் புகழடைந்தார்.

இந்தியும் மராத்தியும் குஜராத்தியும் வழங்கிய ஊரில் ஒரு தமிழர் எங்ஙனம் முன்னணி நடிகரானார் என்ற ஐயம் எழலாம். அக்காலத்துப் படம் பேசாத படம் என்பதே விடை. நடிகன் எம்மொழியினன் என்று எவரும் கேட்கவில்லை. உடலும் முகமும் பேசினால் போதும். கதையை விளக்கும் வாசகங்கள் காட்சிகளுக்கிடையே திரையில் எழுத்தாக வரும். எழுத்தறியாதார் பெரும்பான்மையினராக இருந்தமையால், கொட்டகையில் ஒருவர் நின்று அவற்றை உரக்கப் படித்துக் கதை சொல்வார். ஆர்மோனியமும் தபலாவும் பக்கத்தில் முழங்கும். ஒரே படம் வாசக அட்டைகளை மட்டும் மாற்றிக்கொண்டு கராச்சியிலும் ஓடும், கும்பகோணத்திலும் ஓடும். மொழியால் இந்நாடு பிரிந்து நிற்காத ஒரே கலை அக்காலத்தில் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்நாளில் இத்தொழிலின் தலைநகரம் தாதர். 1913 மே 3-ஆம் நாள் கிர்காமிலிருந்த காரனேஷன் அரங்கில் மக்களுக்குக் காட்டப்பட்ட ‘ராஜா ஹரிச்சந்திரா’வைத் தாதாசாகேப் பால்கே படம்பிடித்த பங்களா தாதரில்தான் இருந்தது. அப்படத்தில் தாராமதியாக நடிக்கப் பெண் ஒருத்தியும் முன்வராததால், ஓர் ஓட்டல் ஊழியரான சாளுங்கேயைப் பால்கே பெண்வேடமிட்டு நடிக்க வைத்தார். அதே சாளுங்கே 1917-இல் ‘லங்கா தகனம்’ படத்தில் இராமராகவும் சீதையாகவும் தாமே இரு வேடமும் தாங்கினார். அசோகவனத்துச் சீதையின் கைத்தசை சற்றே திரண்டிருந்ததைக் கண்டு எவரேனும் சிரித்தார்களோ என்னவோ!

துவாரகாதாஸ் சம்பத் நடத்திய கோஹினூர் பிலிம் கம்பெனி இத்தொழிலைப் பெருந்தொழிலாக்கிற்று. அதன் ‘பக்த விதுரன்’ (1921) படத்தில் விதுரர் காந்தியடிகளின் சாயலில் தோன்றியதைக் கண்டு அஞ்சிய ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் அதற்குத் தடை விதித்தது. ராஜா சாண்டோவும் கோஹினூரில் சேர்ந்தார். சந்துலால் ஷா இயக்கிய ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ (1926) படத்தில் சுலோசனாவுடனும், ‘குணசுந்தரி’ (1927) படத்தில் கோஹருடனும் நடித்தார். குணசுந்தரியின் கதை நம் இல்லங்களுக்குப் புதிதன்று. பகலெல்லாம் வீட்டு வேலையில் உழலும் மனைவி, அலுத்து வந்த கணவனிடம் மனக்குறையைச் சொல்லி அழுகிறாள். அவன் வேறிடத்தில் மகிழ்ச்சி தேடுகிறான். அவளும் வாசற்படி தாண்டி வெளியுலகைப் பார்க்கத் துணிகிறாள். புராணப் படங்களே ஆட்சி செய்த நாளில் குடும்ப வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்த இப்படம் பெருவெற்றி பெற்றது.

சுலோசனாவைப் பற்றியும் ஒரு சொல். இயற்பெயர் ரூபி மயர்ஸ். புனாவில் 1907-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தவர், தாமே கதாநாயகியாகி ‘டெலிபோன் கேர்ள்’ படத்தில் தோன்றினார். ‘வைல்டு கேட் ஆப் பாம்பே’ (1927) படத்தில் எட்டு வேடங்கள் ஏற்றார். பேசும்படம் வந்தபோது இந்துஸ்தானி சரிவரப் பேச வாராமையால் சிறிது காலம் ஒதுங்கியிருந்து, மொழியைக் கற்றுத் தேர்ந்து மீண்டார். அவருக்கு 1973-ஆம் ஆண்டுக்குரிய பால்கே விருது அளிக்கப்பட்டது. 1983-இல் காலமானார்.

இவ்வளவும் எழுதியபின் வாசகரிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படங்களில் எதையும் நாம் பார்த்ததில்லை. இனிப் பார்ப்போம் என்ற நம்பிக்கையும் இல்லை. ‘பக்த போதானா’ இல்லை, ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ இல்லை, ‘குணசுந்தரி’ இல்லை, எட்டு வேடச் சுலோசனாவும் இல்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் 1,300-க்கு மேற்பட்டவை. அவற்றுள் முழுமையாகவும் துண்டுதுணுக்காகவும் எஞ்சியவை நூற்றுக்கு இரண்டு மூன்று என்னும் அளவினவே. அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? அந்நாட்டில் வெளிவந்த ஏறக்குறைய 11,000 நெடும்படங்களில் மூல வடிவில் பிழைத்தவை நூற்றுக்குப் பதினான்குதான் என்று 2013-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது.

அழிவின் காரணம் நம் நகரத்து வேதியியல் அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். அக்காலத்துப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. வெடிபஞ்சுக்கு அது நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் நீரில் அமிழ்த்தினாலும் அதன் தீ அணையாது. தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் தானே சிதையும். சிதையும்போது வெளிப்படும் அமில வாயு மேலும் சிதைவை விரைவாக்கும். முதலில் படம் மங்கும், பிறகு சுருள் பிசுபிசுக்கும், முடிவில் பழுப்புத் தூளாகும். கோடக் கம்பெனி இவ்வகைச் சுருளைக் கைவிட்டது 1951-ஐ ஒட்டித்தான். பம்பாயின் புழுக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் கிடந்த சுருள்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ! கோஹினூர் ஸ்டூடியோ 1923-இல் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டில், தென்னாட்டின் முதற்படமான ‘கீசகவதம்’ எடுத்த வேலூர் நடராஜ முதலியாரும் சென்னையில் தம் ஸ்டூடியோவைத் தீயிற்கும் தம் மகனைக் காலனுக்கும் பறிகொடுத்துத் தொழிலையே விட்டார்.

ஆயினும் பழி முழுவதையும் தீயின்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. 1931 மார்ச் 14-இல் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் ‘ஆலம் ஆரா’ பேசியது. அன்றோடு ஊமைப்படங்கள் விலை போகாச் சரக்காயின. படச்சுருளில் வெள்ளி உண்டு. கரைத்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றனர்; எஞ்சிய செல்லுலாயிட் வளையல் பட்டறைக்குப் போயிற்று. ராஜா சாண்டோவின் வாள்வீச்சும் சுலோசனாவின் புன்னகையும் எந்தப் பெண்ணின் கையில் வளையலாய்க் குலுங்கினவோ, யார் அறிவார்? சொல்லப்போனால் அந்த ‘ஆலம் ஆரா’வுக்கே இன்று ஒரு பிரதியும் இல்லை.

இனி, பிழைத்த படங்கள் எவ்வாறு பிழைத்தன என்பதைப் பார்த்தால் வியப்பே மிகும். போற்றிக் காத்ததால் பிழைத்தவை மிகச் சிலவே. ஹிமான்சு ராயின் ‘லைட் ஆப் ஆசியா’ (1925), ‘ஷிராஸ்’ (1928) போன்றவை ஜெர்மானியர் கூட்டுறவில் எடுக்கப்பட்டவை. ஆதலால் அவற்றின் பிரதிகள் ஐரோப்பாவில் தங்கிப் பிழைத்தன. கல்கத்தாவின் ‘பில்வமங்கள்’ (1919) படத்தின் ஒரு பகுதி பாரிஸ் நகரத்துக் காப்பகத்தில் கிடந்து 2016-இல் நாடு திரும்பிற்று. கானடாவின் டாசன் நகரில், 1929-இல் பழைய நீச்சல் குளத்தை மூடக் கொட்டிய 533 சுருள்கள் பனிநிலத்தின் குளிரால் கெடாமலிருந்து 1978-இல் தோண்டி எடுக்கப்பட்டன. குப்பையெனப் புதைத்ததுதான் அவற்றைக் காத்தது.

எல்லாவற்றிலும் விந்தையானது நம் நாஞ்சில் நாட்டுக் கதை. நாகர்கோவில் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அவ்வூரில் ராஜேஸ்வரி பிலிம்ஸ் என்ற பெயரில் சுந்தரராஜ் என்பவர், சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலைப் படமாக்கினார். பி. வி. ராவ் இயக்கினார். 1933-இல் திருவனந்தபுரம் காபிடல் அரங்கில் படம் வெளியாயிற்று. உடனே, நாவலின் உரிமை எமதே என்று கமலாலயம் புத்தக நிலையத்தார் வழக்காடினர். படம் நின்றது. முதலிட்டவர் பேரிழப்புக்கு ஆளானார். பிரதியோ பதிப்பகத்தார் வசம் போய், அங்கேயே நாற்பது ஆண்டுகள் கிடந்தது. 1974-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கைப்பற்றியது. தென்னாட்டில் எடுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப்படங்களில் முழுப்படமாக எஞ்சியது இஃது ஒன்றே. வழக்கில் வென்று ஊர் ஊராக ஓடியிருந்தால், தேய்ந்து கிழிந்து, அதுவும் வளையலாகியிருக்கும்!

அதே நிலத்தில், அதே உறவினருள் இன்னொருவரான ஜே. சி. டானியல் எடுத்த ‘விகதகுமாரன்’ வேறு விதமாய் முடிந்தது. அதில் உயர்குலப் பெண்ணாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதற்காகவே திரையின்மேல் கல்லெறிந்தனர். அவர் வீட்டிற்கும் தீ வைத்தனர். தமிழ்நாட்டுப் பக்கம் ஓடி வந்து வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். படச்சுருள் டானியலின் வீட்டிலேயே இருந்தது. அது எரியும்போது தோன்றும் நிறச்சுடர் அழகாயிருந்ததால் அவருடைய சிறுவயது மகன் ஒவ்வொன்றாய்க் கொளுத்தி விளையாடிவிட்டான். பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. அது காக்கத்தக்க பொருள் என்று பெரியவர்கள்தாம் எப்போது நினைத்தார்கள்?

ஒருவர் நினைத்தார். திருவனந்தபுரத்தில் 1933-இல் பிறந்த பி. கே. நாயர், 1964-இல் புனேயில் தோன்றிய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்து, சுருள் இருப்பதாகக் கேள்விப்பட்ட இடமெல்லாம் அலைந்தார். ‘மார்த்தாண்ட வர்மா’ கிடைத்தது அவரால்தான். பால்கேயின் மகள் மந்தாகினி குழந்தைக் கண்ணனாக நடித்த ‘காளிய மர்தனம்’ (1919) இன்று நாம் காணக் கிடைப்பதற்கும் அவரே காரணம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதுபோக எஞ்சிய ஏடுகளைத் தேடி ஊர் ஊராக நடந்த உ. வே. சாமிநாதையரைத் தமிழர் கைகூப்புகிறோம். நாயர் செய்ததும் அப்பணியே. ஒரு வேற்றுமை: ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதலாம், ஒரு நடிகனின் நடையையும் பார்வையையும் அவ்வாறு எழுதிவைக்க இயலாது. நாயர் 2016 மார்ச்சு மாதம் மறைந்தார். அதற்கு முன்பே, 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் ஐயாயிரத்தை ஒட்டிய நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின என்பதையும் இங்கே குறிக்க வேண்டியுள்ளது.

ராஜா சாண்டோவிடம் திரும்புவோம். புகழோடு சென்னை சென்ற அவர், ஆர். பத்மநாபனின் அசோசியேட் பிலிம் கம்பெனிக்காகப் ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அனாதைப் பெண்’ முதலிய ஊமைப்படங்களை 1930-ஐ ஒட்டி இயக்கினார். பின்னர் ‘தியாகபூமி’ எடுத்துப் பெயர் பெற்ற கே. சுப்பிரமணியம் தொழில் பழகியது அவரிடம்தான். பேசும்பட காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்களின் ‘மேனகா’வையும் (1935), பாகவதர் நடித்த ‘திருநீலகண்டர்’ படத்தையும் (1939) இயக்கினார். 1940-களின் தொடக்கத்தில், ஐம்பதை ஒட்டிய வயதிலேயே காலமானார். தமிழக அரசு அவர் பெயரால் ஒரு விருது வழங்கி வந்தது. விருது பெற்றவர்களேனும் அவருடைய ஊமைப்படம் ஒன்றைப் பார்த்திருப்பார்களா என்றால், பார்த்திருக்க வழியில்லை. ‘திருநீலகண்டர்’ கிடைக்கிறது. அதில் அவர் இயக்கிய திறத்தைக் காணலாம். தாதரில் அவர் தாவிய தாவலைக் காண இயலாது.

எஞ்சியிருப்பது காகிதம்தான்: அந்நாளைய துண்டு நோட்டீசுகள், பத்திரிகை விளம்பரங்கள், கொட்டகையில் விற்ற கதைச்சுருக்கப் புத்தகங்கள். மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப்படம் பார்த்த தலைமுறைக்கு முந்திய தலைமுறையினர் அவற்றைப் பெட்டியில் போட்டுவைத்திருக்கக் கூடும். ஊரிலுள்ள பழைய வீட்டை ஒழிக்கும்போதோ, ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்சைக் காலி செய்யும்போதோ அத்தகைய தாள் ஏதேனும் கண்ணிற் பட்டால், பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏற்றுமுன், சென்னை ரோஜா முத்தையா நூலகத்திற்கேனும் புனே ஆவணக் காப்பகத்திற்கேனும் ஒரு கடிதம் எழுதிக் கேட்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.