சாமுராய் வீட்டுப் புளிப்பு

கியோட்டோவில் ஒயிமட்சு என்று ஒரு பலகாரக் கடை இருக்கிறது. 1908-ல் ஆரம்பித்தது. கோடை தொடங்கும்போது அங்கே போனீர்கள் என்றால், உங்கள் கையில் ஒரு முழுப் பழத்தைக் கொடுப்பார்கள். ஆரஞ்சைவிடப் பெரிசு, பம்பளிமாஸைவிடச் சின்னது. 'பழம் வேண்டாம்ப்பா, ஸ்வீட் கொடு' என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். அதுதான் ஸ்வீட்!

மேலே தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கும். தூக்கிப் பாருங்கள். உள்ளே சுளை இருக்காது. மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஜெல்லி தளும்பிக்கொண்டிருக்கும். வாயில் போட்டால் முதலில் குளிர்ச்சி, அப்புறம் இனிப்பு, அதன் பின்னாலேயே சுரீரென்று ஒரு புளிப்பு, கடைசியில் லேசான கசப்பு. பெயர் நட்சுகன்டோ. கோடைக்காலத்தில் மட்டும்தான். மத்த மாதங்களில் கெஞ்சினாலும் கிடைக்காது.

செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை. பழத்தின் தலையைச் சீவி, சுளையைச் சுரண்டி எடுத்துப் பிழிகிறார்கள். சாற்றில் சர்க்கரையும் கன்டென்னும் கலந்து, காலியான அதே ஓட்டுக்குள் ஊற்றி உறையவிடுகிறார்கள். கன்டென் என்றால் ஏதோ அபூர்வ வஸ்து என்று நினைக்க வேண்டாம். நம்மூர் மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று பாக்கெட்டில் தொங்குகிறதே, ரம்ஜான் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுகிறார்களே, அதேதான். ஒரே ஒரு சூட்சுமம். புளித்த சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கடல்பாசி சரியாக உறையாது. அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் சாற்றைச் சேர்க்க வேண்டும். வீட்டில் முயற்சி செய்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோய், ஒரு டம்ளர் எலுமிச்சைப் பாயசம் குடிக்க வேண்டியதாயிற்று.

கோடைக்கென்று தனியாகப் பலகாரம் செய்வது ஜப்பானியர்களுக்கு நேற்று வந்த பழக்கமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அரண்மனையில் சேவகம் செய்த ஸெய் ஷோனகன் என்கிற பெண்மணி, சீவிய ஐஸில் இனிப்புப் பாகு ஊற்றி உலோகக் கிண்ணத்தில் வைப்பதை, நேர்த்தியான விஷயங்களின் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். மலைக்குகைகளில் பனியைப் பதுக்கி வைத்துக் கோடையில் அரண்மனைக்குக் கொண்டுவருவார்கள். ஐஸுக்கு வழியில்லாத சாதாரண ஜனங்கள்? கியோட்டோவில் ஜூன் 30 அன்று முக்கோணமாக வெட்டிய வெள்ளை மாவுப் பலகாரம் சாப்பிடுகிறார்கள். அந்த முக்கோணம் ஐஸ் கட்டியாம்! மேலே சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறு. பார்த்தாவது குளிரட்டும் என்று.

நாம் விஷயத்துக்கு வருவோம். அந்தப் புளிப்புப் பழத்தின் பெயர் நட்சுமிகான். நட்சு என்றால் கோடை. மிகான் என்றால் ஆரஞ்சு. இந்தப் பழத்துக்குப் பின்னால் ஒரு கலவரம் இருக்கிறது, ஒரு மரண தண்டனை இருக்கிறது, ஓர் ஊரின் பட்டினி இருக்கிறது.

ஊர் பெயர் ஹாகி. ஜப்பானின் மேற்குப் பகுதியில், கடலோரத்தில் இருக்கிறது. சோஷூ என்கிற பிரபுத்துவப் பகுதியின் தலைநகரமாக இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கொடிகட்டிப் பறந்தது. தெருத் தெருவாக சாமுராய் மாளிகைகள், வெள்ளை மதில்கள். 1863-ல் பிரபு தன் ஜாகையை யமகுச்சிக்கு மாற்றிக்கொண்டார். கூடவே பெரிய மனிதர்களும் கிளம்பிப் போனார்கள். மாளிகைகள் காலி.

அந்த ஊரில் யோஷிதா ஷோயின் என்று ஒரு வாத்தியார் இருந்தார். சின்னக் குடிசைப் பள்ளிக்கூடம். பாடம் என்னவோ பழைய நூல்கள்தான். ஆனால், படித்த பையன்கள் அத்தனை பேரும் நெருப்புத் துண்டுகள். அரசாங்கத்துக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1859-ல் வாத்தியாரை இப்போது டோக்கியோ என்று சொல்கிறோமே, அந்த எடோ நகரத்தில் தலையை வெட்டினார்கள். தண்டனையைப் படித்தபோது, சோஷூவின் பிரதிநிதியாக அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டிய துரதிர்ஷ்டம் ஒருவருக்கு வாய்த்தது. அவர் பெயர் ஒபாட்டா தகாமாசா. பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

1868-ல் ஆட்சி மாறியது. ஷோகன் போய் மெய்ஜி பேரரசர் வந்தார். வாத்தியாரின் சீடர்கள் அதிகார நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பின்னால் ஜப்பானின் முதல் பிரதமரான இதோ ஹிரோபூமி அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்தான். ஹாகிக்கு ராஜயோகம் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது நேர் எதிர்.

சாமுராய்களுக்குப் பரம்பரை பரம்பரையாக அரிசியில் சம்பளம். கணக்கு 'கொக்கு'வில். ஒரு கொக்கு சுமார் 150 கிலோ, ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி. வாளைச் சுழற்றுகிறாரோ, திண்ணையில் தூங்குகிறாரோ, சம்பளம் வந்துவிடும். புதிய அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இதுவே விழுங்கிக்கொண்டிருந்தது. 1876-ல் ஒரே போடாகப் போட்டார்கள். முதலில், இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. அடுத்து, இனிமேல் சம்பளம் கிடையாது, பதிலுக்கு பாண்டு தருகிறோம், வட்டியை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் படித்தது பி.காம். பாண்டு என்றதும் முதலில் வட்டி விகிதத்தைத்தான் பார்ப்பேன். பெரும்பாலானவர்களுக்கு 5 முதல் 7 சதவீதம். பெரிய பிரபுக்களுக்குப் பரவாயில்லை, அசல் தொகை பெரிசு. கீழ்மட்ட சாமுராய்க்கு வந்த வட்டியில் அடுப்பு எரியாது. போதாக்குறைக்கு அடுத்த சில வருஷங்களில் விலைவாசி எகிறியது. பாண்டை விற்றுக் கடை வைத்தவர்கள் உண்டு. ஆனால், வாடிக்கையாளருக்குக் குனிந்து வணக்கம் சொல்லத் தெரிய வேண்டுமே! 'சாமுராய் வியாபாரம்' என்பது ஜப்பானிய மொழியில் கேலிப் பழமொழியாகவே ஆகிவிட்டது. உருப்படாது என்று அர்த்தம்.

ஹாகியில் கோபம் கொதித்தது. டோக்கியோவில் உட்கார்ந்து வயிற்றில் அடிப்பவன் யார்? நம்ம தெருப் பையன்! வாத்தியாரின் இன்னொரு சீடரான மயேபரா இஸ்ஸே, ராணுவ இலாகாவில் பெரிய பதவியில் இருந்து விலகி ஊரோடு வந்துவிட்டவர். 1876 அக்டோபரில் அவர் தலைமையில் வாள்களை உருவினார்கள். அரசாங்கத்தின் புதுப் பட்டாளத்துக்கு முன்னால் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. டிசம்பரில் மயேபராவின் தலை போனது. தன்னிடம் படித்தவர்கள் கலவரத்தில் இறங்கிவிட்டார்களே என்று, ஷோயினின் சித்தப்பா தமாகி புன்னோஷின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார்.

இதே 1876-ல், இதே ஊருக்கு, இன்னொரு மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஒபாட்டா தகாமாசா. கோக்குரா என்ற பகுதிக்கு நிர்வாகத் தலைவராக இருந்தவர். உத்தியோகத்தை விட்டுவிட்டார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் எடுத்தது வாள் அல்ல, நாற்றுகள். நட்சுமிகான் நாற்றுகள்.

அந்தப் பழம் ஹாகிக்குப் புதிசில்லை. பக்கத்தில் ஓமிஜிமா என்ற தீவில், 1700 வாக்கில் கடலில் மிதந்து வந்து கரையொதுங்கிய ஒரு பழத்தின் விதையிலிருந்துதான் முதல் மரம் முளைத்தது என்கிறார்கள். ஹாகி வீடுகளின் கொல்லையில் ஒன்றிரண்டு நின்றன. குளிர்காலத்தில் பழுத்த நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் வாயில் வைக்க முடியாது, அப்படி ஒரு புளிப்பு. வினிகருக்குப் பதிலாகச் சமையலில் பிழிந்துவிடுவார்கள். பறிக்காமல் மரத்திலேயே விட்டால், மே, ஜூன் வாக்கில் புளிப்பு அடங்கி, தின்னும்படி ஆகிவிடுகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒபாட்டா கணக்குப் போட்டார். மே, ஜூனில் ஜப்பான் சந்தையில் வேறு ஆரஞ்சு வகைகள் கிடையாது. மற்ற பழங்களும் சொற்பம். ஆஃப் சீசன் சரக்குக்கு என்ன விலை வேண்டுமானாலும் சொல்லலாம். நிலம்? காலியான சாமுராய் மாளிகைகள் ஊர் முழுக்கக் கிடக்கின்றன. கடல் காற்று இந்த மரத்துக்கு ஆகாது. அதைத் தடுக்கத்தான் ஆளுயர மதில் சுவர்கள் ஏற்கெனவே நிற்கின்றனவே! வியாபாரத்தில் குனிந்து வணக்கம் போடத் தெரியாதவர்களுக்கும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியும். நாற்றுகளை ஊராருக்கும் கொடுத்து நடவைத்தார்.

இதில் ஒரு விஷயம் யோசியுங்கள். மரம் காய்க்கச் சில வருஷங்கள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பங்கள் என்ன சாப்பிட்டன? பெருமைக்குரிய பூர்வீக வாசலில் மண்வெட்டியோடு நின்ற அப்பாவைப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்? 'ஹாகி கலவரம்' என்று மயேபராவுக்குச் சரித்திரப் புத்தகத்தில் தனித் தலைப்பே உண்டு. ஒபாட்டாவுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு வரி. எனக்கென்னவோ ஒபாட்டாவின் தைரியம்தான் பெரிசாகப் படுகிறது.

மரங்கள் காய்த்தன. ஒஸாகா சந்தையில் நல்ல விலை கிடைத்தது. பழத்தில் வந்த வருமானம் ஹாகியின் நகர பட்ஜெட்டையே பல மடங்கு தாண்டியது. 1906-ல் கண்ணை மூடிய ஒபாட்டா இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். மே மாதம் ஊர் முழுக்கப் பூ வாசனை. 2001-ல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம், பாதுகாக்க வேண்டிய நூறு வாசனைகள் என்று ஒரு பட்டியல் போட்டது. (வாசனைக்கெல்லாம் அரசாங்கப் பட்டியல்! நம்மூரில் போட்டால் கூவம்தான் முதலிடம்.) ஹாகியின் நட்சுமிகான் பூ அதில் இடம் பிடித்தது.

பழம் மலிந்த இடத்தில் பலகாரம் பிறக்காமல் இருக்குமா? 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹாகியில் ஒரு கடைக்காரர், சுளையை எடுத்துவிட்டு முழுத் தோலையும் சர்க்கரைப் பாகில் பல நாள் ஊறவைத்து, உள்ளே வெள்ளைப் பயறு அல்வாவை நிரப்பி, வட்டமாக வெட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் விற்கிறது. கியோட்டோவின் ஜெல்லிப் பழமும் இந்த வம்சம்தான்.

ஆனால், சந்தை யாருக்கும் நிரந்தர சிநேகிதன் இல்லை. 1971-ல் ஜப்பான், கிரேப்ஃப்ரூட் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அதே புளிப்பு-கசப்பு ஜாதி, ஆனால் சாறு அதிகம், வெட்டிச் சாப்பிடச் சுலபம். உள்ளூரிலேயே இன்னொரு போட்டியும் இருந்தது. ஒய்ட்டா பகுதியில் கண்டுபிடித்த அமநட்சு என்ற, புளிப்பு குறைந்த ரகம். விவசாயிகள் பழைய மரங்களை வெட்டிவிட்டு இதற்கு மாறினார்கள். தப்பு சொல்ல முடியுமா? அவர்களும் ஒபாட்டா போட்ட அதே கணக்கைத்தானே போட்டார்கள்!

ஒயிமட்சு கடைக்காரர்கள் மட்டும் பிடிவாதமாக இருந்துவிட்டார்கள். அமநட்சு வேண்டாம், அந்தப் பழைய புளிப்புதான் வேண்டும். இனிப்புப் பழத்தில் ஜெல்லி செய்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும், புளிப்பும் கசப்பும் இருந்தால்தான் சர்க்கரைக்கே மரியாதை. ஹாகியிலும் வகயாமாவிலும் விவசாயிகளைத் தேடிப்பிடித்து, எங்களுக்காகப் பயிரிடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். ஏப்ரலில் விற்பனை ஆரம்பம். பழம் தீர்ந்தால் கதை முடிந்தது. அடுத்த வருஷம்தான்.

அதற்கு அப்புறம் போகிறவர்களையும் கடைக்காரர் வெறும் கையோடு அனுப்புவதில்லை. வேறொரு பழத்தின் ஓட்டில் அதே மாதிரி ஜெல்லி ஊற்றி, 'பன்கன்டோ' என்ற பெயரில் விற்கிறார். அது என்ன பழம் என்கிறீர்களா?

கிரேப்ஃப்ரூட்.