கழுவிய தண்ணீரின் சரித்திரம்

எந்த அரசன் எந்த நிறத்தில் பட்டு உடுத்தினான் என்பதைச் சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டைச் சாயத்தில் தோய்த்து எடுத்த பிறகு, தொட்டியைக் கழுவிக் கொட்டிய தண்ணீர் எங்கே போயிற்று என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதத் தகுந்த விஷயமாக அது அவர்களுக்குத் தோன்றியிராது. கதை எழுதுகிறவனுக்கு என்னவோ இந்த மாதிரி அற்ப விஷயங்களில்தான் கண் போகிறது. அதுவும் தாராபுரம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு, வடக்கே ஒரு நதி இந்தத் தண்ணீராலேயே பாழான கதை தெரிந்திருக்கும்போது, அதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

சாயத் தொழில் நமக்குப் புதிதல்ல. 1945ஆம் வருஷம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் என்ற ஆராய்ச்சியாளர் மண்ணைத் தோண்டியபோது செங்கல் தொட்டிகளும் அவற்றோடு சேர்ந்த வடிகால்களும் அகப்பட்டன. மெல்லிய துணிகளுக்குச் சாயம் தோய்த்த இடமாக அது இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அவர் கருதியது சரியானால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் வடிகாலும் உண்டு என்று ஆகிறது. வடிகால் எங்கே போய் முடிந்தது என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் காலத்துச் சாயங்கள் செடியிலிருந்து வந்தவை. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர், மஞ்சளுக்கு மஞ்சளே. நிறம் பிடிக்கக் கடுக்காயும் படிகாரமும். அவுரியை ஊற வைத்துப் பிழிந்த சக்கையை வயலுக்கு எருவாகப் போட்டார்கள். இதைக் கொண்டு பழைய காலத்துச் சாயக்காரர்கள் எல்லோரும் ரிஷிகள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவுரித் தொட்டி புளிக்கும்போது எழும் நாற்றம் லேசானதல்ல. ஆனால் அளவு கொஞ்சம். மண்ணும் வெயிலும் அதைத் தின்று ஜீரணித்துவிட்டன.

1856ஆம் வருஷம் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியா ஜுரத்துக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய், தவறுதலாக ஓர் ஊதாச் சாயத்தைச் செய்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது; ஆனால் அந்தக் குரங்கு பொன் சொரிந்தது. மறுவருஷமே கிரீன்ஃபோர்டு என்ற ஊரில் கால்வாய் ஓரமாகத் தொழிற்சாலை எழும்பியது. அந்த வாரம் என்ன சாயம் தயாராகிறதோ அந்த நிறத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடும் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. சரியாக நூறு வருஷம் கழித்து, 1956ல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி பருத்தி நூலோடு ரசாயனமாகவே ஒட்டிக்கொள்ளும் புதிய வகைச் சாயங்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. எத்தனை முறை வெளுத்தாலும் போகாத நிறம். சாயம் வெளுத்துப் போவது என்ற நம் ஊர்ப் பழமொழிக்கே ஆபத்து வந்துவிட்டது!

ஆனால் இந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. தானாக நூலிடம் போகாது. உப்புப் போட்டுத் துரத்த வேண்டும். ஆழ்ந்த நிறமானால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலேயே உப்பு ஆகும். பிறகு நிறம் நிலைக்க சோடா ஆஷ். அப்படியும் சாயத்தில் ஒரு பகுதி நூலில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். துணியை மறுபடி மறுபடி அலசி அதைப் போக்க வேண்டும். போட்ட உப்பில் ஒரு மணியைக்கூடத் துணி வைத்துக்கொள்வதில்லை. அத்தனையும் அலசிய தண்ணீரோடு வெளியே வருகிறது.

இந்தத் தண்ணீரைப் பெற்றுக்கொள்ள வேண்டிய துர்பாக்கியம் நொய்யலுக்கு நேர்ந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோயமுத்தூர், திருப்பூர் என்று கிழக்கே வந்து காவிரியில் கலக்கிற நதி அது. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். அதன் கரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்திலேயே பெயர் பெற்ற ஊர். அங்கே அகழ்ந்தபோது கல்மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன. பெருமைக்குக் குறைவில்லை, குறைவு தண்ணீரில்தான். மழைக் காலத்தில் ஓடும், மற்றக் காலத்தில் மணலாகக் கிடக்கும்.

1970களின் கடைசியிலிருந்து திருப்பூர்ப் பனியன் கடல் கடந்து போகத் தொடங்கிற்று. ஊர் வளர்ந்தது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. நல்ல தண்ணீர் பக்கத்துக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரியில் வந்தது. கெட்ட தண்ணீர் ஆற்றில் இறங்கியது. வற்றிய ஆறு மறுபடி வருஷம் பூராவும் ஓடிற்று. பெரிய நதியில் கலந்திருந்தால் கரைந்து போயிருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். நொய்யலில் கலப்பதற்கு வேறு தண்ணீரே இல்லை.

1992ஆம் வருஷம் திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டி முடித்தார்கள். செலவு 16 கோடி ரூபாய்க்கு மேல். ஈரோடு, கரூர்ப் பக்கத்தில் 10,000 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்துக்குப் பாசனம் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். திட்டம் போட்டவர்கள் மழைத் தண்ணீரை எண்ணிக் கட்டினார்கள். வந்து நிறைந்தது சாயத் தண்ணீர். சில வருஷங்களுக்குள் சுற்று வட்டாரத்துக் கிணறுகள் உப்புக் கரித்தன. பயிர் கருகியது. அணை வேண்டும் என்று கேட்கிற விவசாயிகளைப் பார்த்திருக்கிறோம். இந்த அணையில் தண்ணீர் தேக்காதீர்கள், திறந்து விடுங்கள் என்று விவசாயிகளே மன்றாடிய விசித்திரம் இங்கேதான் நடந்தது.

பிறகு கதை கோர்ட்டுக்குப் போயிற்று. அழித்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று, வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் 1996ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருந்தது. பாலாற்றுக்குப் பிறந்த அந்த நியாயம் நொய்யலுக்கும் உதவியது. இழப்பைக் கணக்கிட ஏற்பட்ட ஆணையம், 2004 முடிய 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. பெரிய தொகையாகத்தான் தெரியும். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 9,000 ரூபாய்க்கு உட்பட்டுத்தான் வருகிறது. பாட்டன் தோண்டிய கிணற்றின் ஈடு அது.

2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் இன்னும் ஒரு படி போயிற்று. வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 என்று அபராதம். குறித்த கெடுவுக்குள் ஒரு சொட்டும் வெளியே விடாதபடி சுத்திகரிப்பு. 2009ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை ஆமோதித்தது. கெடு போயிற்று, தண்ணீர் வருவது நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டது.

இந்த இடத்தில் வாசகர்கள் விவசாயிக்கு ஜே போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. பட்டறை மூடினால் முதலாளி கடன் வாங்கிச் சமாளிப்பான். தொட்டியில் நின்று துணி அலசியவன் எங்கே போவான்? அவனும் மழை பொய்த்த ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவன்தான். ஆற்றின் கீழ்ப்புறம் ஒரு குடும்பமும் மேல்புறம் ஒரு குடும்பமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. நடுவே சாமான் வாங்கியவர்கள், கடல் தாண்டி, மலிவாக வந்த சட்டையை மாட்டிக்கொண்டு உலவினார்கள். லிட்டருக்கு அந்தச் சில பைசாவை ஆரம்பத்திலேயே சட்டையின் விலையில் சேர்த்திருந்தால் அவர்களுக்கு அது தெரிந்திருக்கக்கூட மாட்டாது.

அந்த வருஷமே தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர முன்வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நிறத்தை நீக்குவது பெரிய வித்தை அல்ல. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டால் கசடாக அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைக் கண்டு ஏமாறக் கூடாது. உப்பு அதில்தான் கரைந்திருக்கிறது. அதை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திப் பிரித்து, மிஞ்சிய உப்புக் குழம்பைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் திரும்புகிறது. திரும்பாதது கசடும் கலப்பு உப்பும். அவற்றை மூட்டை கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. கழுவிய தண்ணீரின் சரித்திரம் இப்படி ஒரு மூட்டையில் வந்து நிற்கிறது.

எங்கள் தாராபுரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் அமராவதியும் தப்பவில்லை. ஆன்பொருநை என்று புலவர்கள் அழைத்த அந்த நதி, கீழே கரூருக்குப் போனதும் அங்கே படுக்கை விரிப்புகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் தோய்த்த சாயத்தை வாங்கிக்கொண்டது.

இதெல்லாம் பட்டறைக்காரன் பாடு என்று நினைக்கலாம். வீட்டில் பிள்ளைகள் அக்ரிலிக் வர்ணம் வைத்துச் சித்திரம் எழுதுகிறார்கள்; தூரிகை கழுவிய டம்ளரைச் சாக்கடையில் கவிழ்க்கிறார்கள். அந்த வர்ணம் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள். சிலவற்றில் காட்மியமும் கோபால்ட்டும் உண்டு. தூரிகையை முதலில் கந்தலில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பிறகு கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து, படிகாரமும் கொஞ்சம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து ஓரிரவு விட்டால், வர்ணம் திரண்டு கீழே உட்கார்ந்துவிடும். துணியில் வடிகட்டி, தங்கியதைக் காய வைத்துக் குப்பையில் சேர்க்கலாம். வடிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். கலங்கிய ஆற்று நீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைத்த பாட்டிமார்களுக்கு இந்த ரகசியம் புதிதாகத் தோன்றியிராது.

ஒரு டம்ளர்தானே என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். திருப்பூரில் முதல் சாயப்பட்டறைக்காரரும் ஒரு தொட்டிதானே என்றுதான் சொல்லியிருப்பார்.